கடைசி இரண்டு தழைகள்

"இந்தக் கடைசி ஜோடியையாவது அம்மா விரலே அழுத்தட்டும் சார். நீங்க கைய எடுங்க" என்றாள் டயானா.

மனைவியின் கைமேல் வைத்திருந்த தம் கையை ஸ்ரீனிவாஸ் தயக்கத்துடன் எடுத்துக்கொண்டார். வசுந்தராவின் வலக்கை, காம்பற்று உதிர்ந்த மலர்போல மவுஸின்மேல் கிடந்தது. பங்குனியில் வந்த பக்கவாதத்தின் வேலை அது.

பிசியோதெரபிக்கு வரும் டயானாதான் இந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவள். திரை நிறையச் சிறு சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மலரோ, பறவையோ, தழையோ இருக்கும். ஒத்த இரண்டைத் தொட்டால் அவை பனிபோல் கரையும். விரட்டுவதற்குக் கடிகாரம் இல்லை. ஸ்பீக்கரில் மட்டும் காணாத அருவி ஒன்று ஓயாமல் வீழ்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட ரிப்போர்ட் குடுக்கணும் சார். கை ஒரு தடவையாவது தானா அசைஞ்சாத்தான் பயிற்சியத் தொடரச் சொல்லுவாரு."

"அசையும்மா. முப்பது வருஷமா என்னை அதட்டுன கை."

"கை எங்கயாச்சும் அதட்டுமா சார்?"

"இது அதட்டும். ஒத்த விரல நீட்டுனாப் போதும், பையத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருவேன்."

டயானா சிரித்தாள். வசுந்தரா சிரிக்கவில்லை. திரையிலேயே விழி பதித்திருந்தாள்.

"தாமரை போச்சு, கொன்றை போச்சு, மயில் ரெண்டும் பறந்துருச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அழுத்து வசு."

பசுமலைக்குப் பின்னே கதிர் இறங்கிற்று. சன்னல் வழியே வந்த மஞ்சள் வெயில் அவள் விரல் நுனிவரை ஊர்ந்து, சற்றே நின்று, விலகிப் போனது. வெறுமையான திரையில், எந்த நாட்டு ஓவியனோ தீட்டிய இரண்டு பசுந்தழைகள் மட்டும் எஞ்சியிருந்தன.

"இது என்ன தழை சார், புதினாவா?"

"இருக்கும்."

அருவி வீழ்ந்துகொண்டே இருந்தது. விரல் அசையவில்லை. பொறுமை இழந்த ஸ்ரீனிவாஸ் மறுபடியும் அவள் கைமேல் தம் கையை வைத்து அழுத்தப் போனார்.

அடியிலிருந்த கை வெடுக்கென்று உருவிக்கொண்டு அவள் மடியில் போய் விழுந்தது.

"சார்! கைய அவங்களே இழுத்துக்கிட்டாங்க!"

"பொழுது சாஞ்சபிறகு துளசியப் பறிக்கலாமா?" என்று தங்கள் வீட்டு மொழியில் கண்டித்தாள் வசுந்தரா.

"நல்லாப் பாரு, அது துளசி இல்ல. துளசியாவே இருந்தாலும் வெறும் படந்தானே? இதுக்கெல்லாம் எந்தப் பெருமாள் கோவிச்சுக்கிட்டு..."

பங்குனியிலிருந்து ஒரு சொல்லும் பேசாதவளுக்குத் தாம் மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பது, பாதி வாக்கியத்தில்தான் ஸ்ரீனிவாசுக்கு உறைத்தது.