குழாயில் வந்த சிவப்பு

படப்பையில் ராஜாமணியை ஏமாற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை. இதை ராஜாமணியே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரின் பழைய வீட்டுக் குழாயில், 1991 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை தண்ணீர் சிவப்பாக வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

பின்கட்டில் குடியிருந்த வசந்தகுமார்தான். ஒரகடம் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை. போன வாரம்தான் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்?

"இன்னாய்யா கலந்தே தண்ணியில?"

"நான் எதுக்கு சார் கலக்கப் போறேன்? அதே தண்ணியத்தான் ஜாஸ்மினும் குடிக்கிறா. அவளுக்கு இது ஏழாம் மாசம் சார்."

"அதான்யா தந்திரம்! சந்தேகம் வரக்கூடாதுன்னு பொண்டாட்டிக்கும் குடுக்கறே."

மாடித் தொட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி ராஜாமணியின் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. "பூட்டின தொட்டியில எப்படிங்க கலந்திருப்பான்?" என்று மனைவி மஞ்சுளா கேட்டாள்.

"அப்போ எவ்ளோ பெரிய கில்லாடியா இருப்பான், பாத்துக்கோ" என்றார் ராஜாமணி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால், தண்ணீரில் விஷம் கலந்தான் என்று போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். வசந்தகுமாரிடம் சொன்னதோடு நிறுத்தவில்லை. டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

போலீஸ் என்றால் வேலை போய்விடும். வசந்தகுமார் ஷிப்ட் முடிந்ததும் வாலாஜாபாத் வரை போய் வீடு தேடினான். ஜாஸ்மின் அழுதுகொண்டே பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, கையில் ஃபைல், தோளில் கனமான பை.

"இராமச்சந்திரன். ஆபீஸ்லேர்ந்து வரேன். தண்ணி சிவப்பா வருதுன்னு கம்ப்ளெயின்ட்."

எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. ஃபைல் வைத்திருப்பவரை அப்படியெல்லாம் கேட்பது மரியாதையா?

வந்தவர் பையிலிருந்து மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர், மூன்றாவதில் அன்று அதுவரை திறக்காத ஒரு குழாயின் தண்ணீர். முதல் இரண்டும் தெளிவாக இருந்தன. மூன்றாவது டீ மாதிரி இருந்தது.

"நாள் முழுக்க இப்படியா, காலையில மட்டுமா?"

"காலையிலதாங்க. ரெண்டு வாளி புடிச்சா தெளிஞ்சிடும்" என்றாள் மஞ்சுளா.

"பைப்பு போட்டு எத்தனை வருஷம்?"

"முப்பது இருக்கும்" என்றார் ராஜாமணி.

"கிணறு சுத்தம். தொட்டி சுத்தம். நடுவுல இருக்கற இரும்புப் பைப்புதான் துருப்பிடிச்சிருக்கு. ராத்திரியெல்லாம் தண்ணி உள்ளயே நின்னு துருவைக் கரைச்சிக்கினு வருது. யாரும் எதையும் கலக்கலை சார்."

ஜாஸ்மின் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ராஜாமணிக்குத்தான் முகம் வாடியது. கையில் கிடைத்த குற்றவாளி இப்படி அநியாயமாகத் தப்பிக்கிறானே!

"இதுக்கு ப்ரூஃப் இன்னா?" என்றார்.

"காட்டறேன். எல்லாக் குழாயையும் ஒரே சமயத்துல தொறக்கணும். துரு மொத்தமும் அடிச்சிக்கினு வந்துடும். இருபது நிமிஷம் ஒருத்தரும் எடத்தை விட்டு நகரக்கூடாது. எப்ப தெளியுதுன்னு கண்கொட்டாம பாக்கணும்."

மஞ்சுளா கொல்லைக் குழாயில். வசந்தகுமார் குளியலறையில். ஜாஸ்மினைப் பின்கட்டுக் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மூவர் கையிலும் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். ராஜாமணிக்கு முக்கியப் பொறுப்பு: மாடியில் தொட்டியின் நீர்மட்டத்தைக் கண்காணிப்பது.

"நான் உள்ள போய் பைப்பைத் தட்டி விடறேன். தட்டினாத்தான் துரு உதிரும்."

உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. தண்ணீர் ரத்தச் சிவப்பாகக் கொட்டியது.

"நல்லா தட்டுங்க சார்!" என்று மாடியிலிருந்து உற்சாகப்படுத்தினார் ராஜாமணி.

சத்தம் ஓய்ந்தது. சிவப்பு பழுப்பாயிற்று, பழுப்பு மஞ்சளாயிற்று. இருபதாவது நிமிடம் எல்லாக் குழாயிலும் தண்ணீர் இளநீர் போல வந்தது. மூவரும் முற்றத்துக்கு வந்து அவரவர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார்கள்; மாடியிலிருந்து இறங்கி வந்த ராஜாமணி ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வசந்தகுமார் குழந்தை மாதிரி அழுதான்.

ராஜாமணி இளகிப்போனார். "சரி வுடுய்யா. இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போ" என்றார். பிறகு பெருமையாக மனைவி பக்கம் திரும்பினார். "ஆபீசர்னா இவருதான். நல்ல வேலை செஞ்சே மஞ்சுளா, கம்ப்ளெயின்ட் குடுத்து."

"நானா? நீங்க குடுத்தீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் வசந்தகுமாரைப் பார்த்தார்கள். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

ராஜாமணி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

படுக்கையறையில், குழாய்த் தண்ணீரைப் போலவே பீரோவும் சுத்தமாக இருந்தது.