மாதிரிக் கல்லறை

"நீ வராத சாரு. நான் மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

வாசலிலேயே அவளை மறித்தேன்.

ஹனோவருக்கு வெளியே ஒரு பூங்காவில், ஜப்பானின் பழங்காலக் கல்லறை மேடு ஒன்றை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். புல் மூடிய பெரிய மண்மேடு. அதில் குனிந்து நுழையும்படி ஒரு கல் வாசல்.

எல்லாம் மாதிரிதான். உள்ளே ஒரு எலும்புத் துண்டு கூடக் கிடையாது. கல்லைத் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் கேட்கிறது. எனக்கும் தெரியும்.

ஆனாலும் என் மனைவிக்கு ஏழாம் மாதம்.

வாயும் வயிறுமாக இருப்பவள் பிணம் புதைக்கும் இடத்தை மிதிக்கக் கூடாது என்பது கரூரில் இருக்கும் என் அம்மாவின் சட்டம். இதையெல்லாம் நம்புவதில்லை என்று ஆபீசில் நான் பீற்றிக்கொள்வதுண்டு. ஆனால் இது இரண்டு தடவை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

வெளியே மட்டும் சுற்றிவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் பேச்சு. வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான்.

மேட்டைச் சுற்றிலும் சுடுமண் பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். குதிரை, வீடு, வாளோடு ஒரு வீரன். செத்தவருக்குத் துணையாக அந்தக் காலத்தில் நட்டு வைப்பார்களாம். கண்ணுக்குப் பதில் வெறும் ஓட்டை. எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டு.

வீரனுக்குப் பக்கத்தில் நின்று, அவனைப் போலவே வாயைப் பிளந்து காட்டினேன். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

பிள்ளையை மார்போடு அணைத்திருந்த ஒரு பெண் பொம்மையின் முன்னால் நின்றவள், நகரவே இல்லை. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கை சில்லிட்டிருந்தது.

நான் இழுத்தது காபிக் கடைப் பக்கம். அவள் வந்து நின்றது இந்தக் கல்லறை வாசலில்.

நான் மறித்ததற்கு அவள் கோபப்படவில்லை. கோட் பையில் கைவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். காத்து கருப்பு அண்டாமல் இருக்க, அம்மா போனில் சொன்னபடி, காலையில் நான்தான் அதில் போட்டுவிட்டிருந்தேன்.

அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"இனிமே இது வேணாம், ஜெய்."

வாசலை மறித்திருந்த என் இன்னொரு கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் குனிந்தாள்.

நேற்று ஸ்கேனுக்குத் தனியாகத்தான் போயிருந்தாள். எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.