இதயத்துக்கு ஆகாதவள்

கஸ்பாரின் நெஞ்சுக்குள் வைத்த கருவி வீட்டுக் கதவையும் சேர்த்தே பார்த்துக்கொண்டது. அவர் துடிப்பை எகிற வைக்கும் யாரையும் அது உள்ளே விடாது. வம்புக்கு வரும் பங்காளிகளை அது வாசலோடு திருப்பி அனுப்பியபோது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இன்று வாசலில் மகள் மெர்சி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளை, ‘என் வாசப்படி மிதிக்காதே’ என்று துரத்தியவர் அவர்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் குரல் கேட்டதும் நெஞ்சு படபடத்தது.

“வந்திருப்பவர் உங்கள் இதயத்துக்கு ஆகாதவர்” என்றது கருவி. கதவு அசையவில்லை.

“இன்னும் கோவமாப்பா?”

“கோவம் இல்லம்மா, சந்தோசம். இந்தச் சனியனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப தண்ணி கேன் வந்திருக்குன்னு நினைச்சுக்கிடுங்க.”

அவர் கண்ணை மூடித் தண்ணீர் கேனையே நினைத்தார். துடிப்பு இறங்கியது. தாழ்ப்பாள் நகரும் நேரத்தில், “தாத்தா, கதவத் திற” என்றது ஒரு மழலை. பேரன் இருப்பதே அவருக்குத் தெரியாது. கருவி அலறியது.

“வேண்டாம்பா, உங்களுக்கு ஏதாவது ஆயிரும். நாங்க போறோம்.”

போகாதே என்று அவர் கத்தியது அந்த அலறலில் கேட்கவில்லை. படியிறங்கும் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கஸ்பார் நாற்காலியில் சரிந்தார். துடிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

கதவு தானாகத் திறந்தது.