ரம்பத்துக்கு ஓர் உறை

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போ உறை செஞ்சு யாருக்கு என்ன லாபம்?"

மாமியார் கேட்டது தன் மகனை. ஆனால் அடுப்படி வாசலில் நின்றிருந்த மருமகள்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

தச்சனான அவன் கூடத்துத் தரையில் மெல்லிய பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் கைரம்பத்தைப் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் அலமாரி செய்து கொடுத்தவன், வெளிவேலைக்கு எடுத்துப்போகும் தன் ரம்பத்தை இத்தனை வருஷமும் ஒரு பழைய சாக்கில் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு அலைந்தான்.

முந்தாநாள் அந்த ரம்பத்தின் பக்கத்தில்தான், உள்ளங்கை வெட்டுப்பட்டு, சட்டையெல்லாம் ரத்தமாக, அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டு நின்றது. வாசல் கதவோரம் சாய்த்து வைத்திருந்த ரம்பத்திலிருந்து சாக்கு நழுவிக் கிடந்தது. முதலில் பார்த்தவர் மாமியார். அவர் போட்ட கூச்சலில் தெருவே வாசலில் திரண்டுவிட்டது.

பட்டறையிலிருந்து தச்சன் ஓடிவந்தான். காயத்தில் கட்டத் துணி எடுக்க அடுப்படிக்குள் போனவன், கொஞ்சம் தாமதமாக, ஈரக் கையோடு வெளியே வந்தான். வந்ததும் குழந்தையின் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"என் தப்புதான். ரம்பத்தை ஒழுங்கா மூடி வைக்காம விட்டுட்டேன்."

அன்றிலிருந்து தெருவில் அவன் தலை நிமிரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். "தொழில் தெரிஞ்சவன் செய்யிற காரியமாப்பா இது? பச்சை மண்ணு இருக்கிற வீட்டுல?" அவன் "ஆமாக்கா, புத்தி கெட்டுப் போச்சு" என்றான். பட்டறையிலோ, 'ரம்பம் வருது, வழி விடுங்க' என்று கேலி.

மனைவிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. யாராவது பேச்சை எடுத்தாலே, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சாக்குச் சொல்லி உள்ளே ஓடிவிடுவாள்.

இப்போது அவன், வரைந்த கோட்டுக்கு ஒரு விரல் வெளியே தள்ளி இரண்டு பலகைகளை அறுத்தெடுத்தான். நடுவே அலகு நுழைகிற அளவுக்குச் சட்டம் கொடுத்து மூன்று பக்கமும் ஒட்டினான். பல் உட்காரும் பக்கத்தில், பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து உள்ளே பதித்தான். ரம்பத்தைச் செருகினால் கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை.

"பேரக்குழந்தை கையில தையல் விழுந்த பிறகுதான் அப்பனுக்கு அறிவு வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு, மாமியார் தூங்கி விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

"தோள்ல மாட்டிக்க ஒரு பட்டை வேணும். தைச்சுக் கொடேன்" என்றான் அவன். கித்தான் துணியும் தடித்த ஊசியும் கொடுத்தான்.

அவள் எதிரே உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். கோணல்மாணலாக ஓடியது தையல். பிரித்தாள். மறுபடி தைத்தாள். அதுவும் கோணல்.

"ஏன் இப்படிக் கோணுது?"

அவள் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்தாள். உப்புத்தாளால் அவன் உறையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, யாருக்கும் ஒரு கீறல் விழக்கூடாதென்று முனை முனையாக மழுக்குகிற அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என்னங்க."

"ம்."

"அந்த ரம்பத்து மேல ஒரு தப்பும் இல்லைங்க."

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பாப்பா கையை வெட்டினது காய் நறுக்குற கத்தி. நான்தான் அதைத் தரையிலயே வச்சுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டேன். கையில பட்டதும் பயந்து உங்களைத் தேடி வாசப்பக்கம் ஓடிச்சு. அதுக்குள்ள அத்தை பார்த்துட்டாங்க." மூச்சு வாங்கினாள். "போன மாசம் பாப்பா கால்ல வெந்நீர் கொட்டினப்பவே சொன்னாங்களே, இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா பாப்பாவை உங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்னு. அந்தப் பயத்துல வாய் திறக்கல. நீங்க தலையில போட்டுக்கிட்டீங்க. நான் கல்லு மாதிரி பார்த்துக்கிட்டு நின்னேன். என் மூஞ்சியை எனக்கே பார்க்கப் பிடிக்கல."

சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் முகத்தில் கோபமும் இல்லை, திகைப்பும் இல்லை. உள்ளறைக் கதவை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"மெதுவாப் பேசு. அம்மாவுக்குக் கேட்டுடப் போகுது."