நாலில் ஒன்று

1965 ஜூன், ஒரு திங்கட்கிழமை, காலை பத்தே கால். அமிர்தவல்லியை உள்ளே கூப்பிட்டார்கள்.

துடைப்பத்தைக் கதவுக்கு வெளியே சாத்தினாள். பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய சேலை. அதில் கையைத் துடைக்க மனம் வராமல் அப்படியே போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

அந்தக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தை எட்டு வருடமாகப் பெருக்குகிறாள். தினக்கூலி. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அன்று உலை வைக்க அரிசி இருக்காது.

நிரந்தரமாக ஓர் இடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, போன மாதம் கைநாட்டு வைத்து மனுக் கொடுத்திருந்தாள். மனுவை எழுதித் தந்தவர் குமாஸ்தா பாண்டுரங்கன். சனிக்கிழமை செயலாளர் சுந்தரமூர்த்தி, "திங்கக்கெழம உன்னக் கொஞ்சம் கேள்வி கேக்கணும்" என்றார். எதற்கென்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"பெருக்கறதுக்குக் கேள்வி இன்னாடி?" என்று அவள் புருஷன் கோவிந்தசாமி சிரித்தான். "தொடப்பம் எந்தக் கையிலன்னு கேப்பாங்களா?" சிரித்தவன்தான் இன்று விடியலில் அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

செயலாளர் கையில் பென்சிலால் எழுதிய ஒரு தாள் இருந்தது. அங்கங்கே அடித்துத் திருத்தியிருந்தது.

"நாலு பேரு சொல்வேன். மூணு ஒரு ஜாதி. ஒண்ணு மட்டும் சேராது. எதுன்னு சொல்லணும், ஏன்னும் சொல்லணும். புரியுதா?"

"சொல்லுங்க சார்."

"கத்தரி, வெண்டை, கருணை, அவரை."

"கருணை."

"ஏன்?"

"ஜைன நயினார் வூட்ல மத்த மூணும் வாங்குவாங்க. கருணை வாங்க மாட்டாங்க."

"காரணம் அது இல்ல. கருணை மண்ணுக்குள்ள வெளையுது."

"அதனாலதான் சார் அவங்க சேத்துக்கறதில்ல."

பக்கத்து மேசையில் இருந்த பாண்டுரங்கன் பேரேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்தார்.

அமிர்தவல்லி அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஒன்று.

"மண்வெட்டி, கடப்பாரை, முறம், அரிவாள்."

"மொறம். மத்தது இரும்பு."

இன்னொரு கோடு. இரண்டு.

"ஏரி, குட்டை, கிணறு, ஆறு."

இதற்குக் கொஞ்சம் யோசித்தாள்.

"கெணறு சார்."

"ஏன்?"

"மத்ததுல எறங்கி நாங்களே மொண்டுக்கலாம். கெணத்துல நாங்க கவுறு போடக் கூடாது."

பாண்டுரங்கனின் பேனா நின்றது. செயலாளர் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது.

"தப்பு. ஆறுதான். ஆறு ஓடும். மத்தது மூணும் நிக்கிற தண்ணி."

"நம்ம ஆத்துல எங்க சார் தண்ணி ஓடுது? மணல் வண்டிதான ஓடுது."

"ஓடணும். அதான் ஆறு." சிவப்புப் பென்சில் மேசையிலேயே கிடந்தது.

ஒன்று போய்விட்டது. ஆறு ஓடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஏன் வாயில் கிணறு வந்தது?

"மணிலாக் கொட்டை, எள்ளு, ஆமணக்கு, கம்பு."

"கம்பு சார். மல்லாட்டையில எண்ணெ ஆட்டலாம், எள்ளுல ஆட்டலாம், ஆமணக்குல ஆட்டலாம். கம்புல ஆட்ட முடியாது." அவர் ஏன் என்று கேட்பதற்குள் சொல்லி முடித்தாள்.

கோடு. மூன்று. இந்தத் தடவை பென்சில் தாளைக் கிழித்துவிட்டது.

செயலாளர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். கோட்டை மலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்ததைத் தாளைப் பார்க்காமலே கேட்டார்.

"ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, நீலகிரி."

"நீலகிரி."

"நீ போயிருக்கியா அங்க?"

"இல்லீங்க சார்."

"யாராச்சும் சொன்னாங்களா?"

"பேரே இப்பதான் கேக்கறேன். மொத மூணும் நம்ம ஊரு மலை, தெனம் பாக்கறேன். பாக்காதது ஒண்ணுதான இருக்குது, அப்ப அதுதான சேராதது?"

"அடேங்கப்பா" என்றார் பாண்டுரங்கன். செயலாளர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் பேரேட்டைப் புரட்டினார்.

வெளியே அவலூர்பேட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அமிர்தவல்லி மனதுக்குள் மறுபடி எண்ணினாள். ஐந்தில் நான்கு. ஒன்றுதான் தப்பு. ஒன்று தப்பானால் தள்ளிவிட மாட்டார்கள்.

இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவள் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"சார், நான் பாஸாங்களா?"

சுந்தரமூர்த்தி தலை நிமிரவில்லை. தாளைக் கசக்கி அவள் காலடியில் இருந்த கூடையில் போட்டார்.

"பாண்டு, பெருக்கறவளுக்கே தெரியுதுய்யா, கிளார்க் பரீட்சைக்கு இதெல்லாம் ஆவாது, வேற எழுதிக் கொண்டா."