மூன்று பூட்டுப் பெட்டி

2009 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை முழுவதும் மலையை மூடியிருந்த பனிமூட்டம் நண்பகலில் விலகியது. குளிர் மட்டும் விலகவில்லை.

“பெட்டியத் திறக்க முடியாதும்மா. நான் செத்ததுக்கு அப்புறம் வேணும்னா வாங்க,” என்றார் எலாதியோ, நகரத்திலிருந்து வந்திருந்த ஆம்பாரோவிடம்.

“ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லம்மா. மாமா இருமுறதக் கேட்டீங்கல்ல,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சபை சிரித்தது. எலாதியோ சிரிக்கவில்லை.

மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் உள்ள சான் செபாஸ்தியான் ஊர், ஊராட்சிக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கூடியிருந்தது. நடுமேசையில் தேவதாருப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி தலைவர் ஃபிதென்சியோவிடமும், ஒன்று பொருளாளரிடமும், ஒன்று ஊர் நிலங்களைக் கவனிக்கும் எலாதியோவிடமும் இருந்தன. இப்பதவிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும். புத்தாண்டன்று பழைய மூவரும் புதிய மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்து, ஆளுக்கொரு வாய் மெஸ்கால் சாராயம் குடித்து, சத்தியம் செய்து, சாவிகளைக் கைமாற்றிக்கொள்வார்கள். வெளியே வந்தபின் வாய் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது ஸ்பெயின் அரசர் காலத்து நிலப்பட்டயம் என்பது ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அப்பட்டயத்துக்கு அஞ்சியே, பக்கத்து ஊரான சாந்தா இனெஸ் மக்கள் எல்லையிலுள்ள பைன் காட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தனர். அண்மையில் அந்த அச்சம் தெளிந்துவிட்டது. இரண்டு ஊர் ஆட்களும் காட்டில் அரிவாளுடன் எதிரெதிரே நின்றனர்; சாந்தா இனெஸ்காரர்கள் வழக்கும் தொடுத்தனர். காடு கைவிட்டுப் போனால், அதனுள் இருக்கும் ஊற்றும் போய்விடும். ஊருக்குக் குடிநீர் இராது.

இந்நிலையில்தான் வஹாக்கா நகரத்து ஆவணக் காப்பகத்திலிருந்து ஆம்பாரோ வந்திருந்தாள். ஊர் ஊராகச் சென்று, பூச்சி அரித்த தாள்களை மென்தூரிகையால் துடைத்து, படம் எடுத்து, எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அட்டவணை எழுதி, ஆராய்ச்சியாளர் எவரும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி ஒழுங்குசெய்வது அவளது தொழில். செல்லரித்துப் போனதென்று கைவிடப்பட்ட ஞானஸ்நானப் பதிவுகளை அவள் படிக்கவைத்த கதையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கே வியந்து பேசியது. பெட்டியையும் பார்க்க அனுமதிக்குமாறு அவள் பணிவாகக் கேட்டாள்.

எலாதியோ அவளை மடக்க நினைத்தார்.

“எங்க பட்டயத்தப் பாக்கணும்னு சாந்தா இனெஸ்காரன் வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?”

“காட்டுவோம் ஐயா.”

சபை கொந்தளித்தது. ஆம்பாரோ அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

“யார் கேட்டாலும் காட்டுவோம். அவங்களுக்கு ஒரு நாற்காலி, உங்களுக்கு ஒரு நாற்காலி. பென்சில் மட்டும் உள்ள கொண்டு வரலாம். அரிவாள் வெளிய.”

பெண்கள் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது. பொய் சொல்லி இனிக்கப் பேசாத அவளை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கை தூக்கச் சொன்னபோது பெண்களும் இளைஞர்களும் ஒருமித்துத் தூக்கினர். முன்வரிசைப் பெரியவர்களின் கைகள் மட்டும் போர்வைக்குள்ளேயே இருந்தன. தீர்மானம் நிறைவேறியது.

தலைவர் தம் பூட்டைத் திறந்தார். பொருளாளரும் திறந்தார். எலாதியோ தம் சாவியைத் துளையில் நுழைத்தார். பெட்டி திறந்தால் என்ன ஆகும் என்பதை ஜனவரி முதல் அவர் ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்த்திருந்தார், மனைவியிடமும் சொன்னதில்லை. கடைசிப் பூட்டும் விழுந்தது. மூடி எழுந்தது.

பெட்டியில் ஒன்றுமே இல்லை.

“நான் சாவி வாங்குன அன்னிக்கே காலியாத்தான் இருந்துச்சு,” என்றார் எலாதியோ. “உள்ள இருக்குன்னு அவங்க நம்புற வரைக்கும் காடு நம்மளுதுன்னு நெனச்சேன்.”

முன்வரிசையில் ஒரு முகமும் திடுக்கிடவில்லை. “எங்க காலத்துலயும் காலிதான்,” என்றார் முன்பு சாவி வைத்திருந்த கிரிஸ்பின். அவருக்கு அடுத்தவரும் தலையாட்டினார், அதற்கடுத்தவரும் ஆட்டினார். சாவி வைத்திருந்த ஒவ்வொருவரும் அதே பொய்யைக் கட்டிக் காத்திருந்தனர்.

“அப்ப இத்தன வருஷமும் காத்தையா பூட்டி வச்சீங்க?” என்று கேட்டாள் பெத்ரொனீலா. அவள் கணவரும் இருமுறை சாவி வைத்திருந்தவர்.

எலாதியோ தலைகுனிந்தார். காடு போயிற்று என்றே அவருக்குத் தோன்றியது. ஆம்பாரோ மட்டும் கலங்காமல், பட்டயம் தங்கள் காப்பகத்தில்தான் பத்திரமாக இருக்கிறது என்றாள். இவ்வூர்க் கொள்ளுத்தாத்தாக்கள் அதை சாந்தா இனெஸுடனான ஒரு பழைய வழக்கில் சாட்சியமாகக் கொடுத்திருந்தனர், திரும்ப வாங்கவில்லை. நீதிமன்றக் கட்டுகளுக்குள் பெயரின்றிக் கிடந்த அதை, ஒவ்வொரு கட்டாகப் பிரித்து அட்டவணை எழுதியபோது அவளுடைய குழுவினர் கண்டெடுத்தனர்.

“இத வந்த உடனே சொல்லியிருக்கலாமே தாயி,” என்றார் எலாதியோ.

“பெட்டி காலின்னு ஊர் முன்னாடி நான் சொல்றது மரியாதையா ஐயா? அத நீங்கதான் சொல்லணும்,” என்றாள் ஆம்பாரோ. பிறகு மிச்சத்தையும் சொன்னாள். “அந்த வழக்குக் கட்டை முதல்ல வந்து படிச்சது சாந்தா இனெஸ் பெரியவங்கதான். காடு உங்களுக்கு, ஓடைக்கு அந்தாண்ட மேய்ச்சல் அவங்களுக்குன்னு ரெண்டு ஊரும் அப்பவே கையெழுத்துப் போட்டிருக்கு. வழக்க வாபஸ் வாங்குறோம், சேர்ந்து எல்லைக் கல் நடலாம்னு சொல்லி என்னைய அனுப்புனதே அவங்கதான். அவங்க ஊர்லயும் மூணு பூட்டுப் பெட்டி ஒண்ணு இருக்கு ஐயா, அதுவும் காலிதான்.”

சபை மாலை 5.40 மணிக்குக் கலைந்தது.