இரண்டு விரல் அகலம்

"ஓரம் விடாம வரைஞ்சுட்டான்க்கா. நீங்கதான் பார்த்து சட்டம் போடணும்" என்று சொல்லி, ஓவிய ஆசிரியர் முதல் பரிசுப் படத்தை அவள் மேசைமேல் வைத்தார்.

இந்தப் பருவத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தவர், பாவம். சட்டம் போடும் கடைக்காரி யாருடைய அம்மா என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாளைக் காலை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அடிதடி வேண்டாம் என்று பிள்ளைகள் வரைந்த படங்கள், மொத்தம் பதினொன்று. பத்தில் புறா பறந்தது. புறாவுக்கே சலித்துப்போயிருக்கும்.

பதினோராவதில் புறா இல்லை.

பள்ளிக்கூட மைதானம். தண்ணீர்க் குழாய். இரண்டு கட்சியாய்ப் பிரிந்து கத்துகிற பையன்கள். நடுவில் ஒருவன் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து கிடக்கிறான். இடது ஓரத்தில், தாள் முடிகிற இடத்தில், இன்னொருவன் நிற்கிறான். எறிந்து முடித்த கை இன்னும் கீழே இறங்கவில்லை.

அத்தனை பேரில் தன் மகன் எவன் என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பெற்றவள் அல்லவா.

ஆசிரியர் படியிறங்கியதும் தாளைத் திருப்பி, பின்னால் பென்சிலில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள்.

அவனேதான்.

எட்டு மாதம். அந்த ஒரு கல்லுக்குப் பிறகு அவள் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. திரையை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். வெளிச்சம் பட்டால் போர்வைக்குள் போய்விடுகிறான். தட்டில் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அவள் தெருவில் இறங்கினால், பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சு சட்டென்று நின்றுபோகிறது.

இவனுக்கு மட்டும் மேடை. மாலை. கைதட்டல்.

'இருடா, உனக்கு இருக்கிறது' என்று கறுவிக்கொண்டு வெட்டுக்கத்தியை எடுத்தாள்.

குறுக்கே ஒரு கிழி கிழித்துவிட்டு, கை தவறிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு குவளைத் தண்ணீரைத் தட்டிவிட்டால்கூடப் போதும். வாசலில் நின்று அந்தப் பையன் அழுவதைக் கண்ணாரப் பார்க்கலாம்.

கத்தியைக் கீழே வைத்தாள். அப்படிச் செய்தால் நாலு பேர் அவனுக்காக உச்சுக்கொட்டுவார்கள். இன்னொரு தாள் கொடுத்து வரையச் சொல்வார்கள்.

படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை இருக்கிறதே, அதில் நடுவே ஜன்னல் மாதிரி வெட்டுவார்கள். அட்டை தாளின் ஓரத்தில் கொஞ்சம் ஏறித்தான் உட்கார வேண்டும். அதற்காகத்தான் ஓரம் விட்டு வரையச் சொல்வது. விடாமல் வரைந்தால் எந்தப் பக்கத்தை அட்டை விழுங்க வேண்டும் என்பது வெட்டுகிறவள் இஷ்டம்.

அளவுகோலை வைத்தாள். வலது பக்கம் நூலிழை. மேலும் கீழும் நூலிழை. இடது பக்கம் இரண்டு விரல் அகலம்.

பதினெட்டு வருஷத் தொழிலில் இவ்வளவு நேராக அவள் வெட்டியதே இல்லை.

கண்ணாடியை மூடிப் பார்த்தாள். எறிந்தவன் போய்விட்டான். கல் எங்கிருந்தும் வரவில்லை. ஒரு பையன் விளையாட்டில் தடுக்கி விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான். அதற்கு மற்றவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

வயிறு குளிர்ந்தது. முழு மனதோடு ஆணிகளை அடித்தாள்.

கடைசி ஆணிக்குச் சுத்தியலை ஓங்கியபோது, வாசலில் சாய்த்து வைத்திருந்த சட்டங்கள் சடசடவென்று சரிந்தன. உள்ளே வந்த பையனின் இடது தோள் இடித்திருந்தது.

"சாரி ஆன்ட்டி, தெரியல. சார் இந்தப் பேர் அட்டையப் படத்துக்குக் கீழ ஒட்டச் சொன்னாரு."

படத்தைப் பார்க்க அவன் முகம் முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் இமை ஒட்டிப்போய்க் கிடந்தது.

கேள்விப்பட்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கும் அவள் போகவில்லை.

"சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றவன் மறுபடி குனிந்து பார்த்தான். "இந்தப் பக்கம் ஒருத்தன் நின்னானே?"

"ஓரம் விடாம வரைஞ்சா அட்டை முழுங்கத்தான் செய்யும். யாருடா அவன்?"

சொல்லு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெயரை மட்டும் சொல்லிப் பார். எட்டு மாதமாக நெஞ்சில் சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

அவன் சொல்லவில்லை.

"யாரோ ஒருத்தன். பரவால்ல, விடுங்க."

பேர் அட்டையை நீட்டியவன், அவள் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றான். படம் வரைகிற பிள்ளைகள் பார்ப்பார்களே, கூச்சமே இல்லாமல், அந்தப் பார்வை.

"அவன் கண்ணுதான் ஆன்ட்டி எனக்குக் கடைசி வரைக்கும் சரியா வரல. ஏழெட்டு வாட்டி அழிச்சு அழிச்சுப் போட்டேன். உங்க கண்ணு மாதிரி போட்டிருந்தா வந்திருக்கும்."

அவள் குனிந்து ஆணி டப்பாவைத் தேடினாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னதும் இதைத்தான்: அப்படியே அம்மா கண்ணு.